‘அப்போ வீட்ல...’ என்று நின்றுபோன கேள்வி

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. இருதய டாக்டரின் அறைக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருந்தபோது, சரியாகச் சாத்தாத ஒரு கதவு வழியாக என் காதில் வந்து விழுந்தது. நான் எதற்காக அங்கே போயிருந்தேன் என்பது கதைக்கு வேண்டாத விஷயம். அதை விடுங்கள்.

அந்தக் கதவுக்கு ஒரு கெட்ட பழக்கம். நர்ஸ் காலால் ஓர் உதை விட்டால்தான் முழுசாகச் சாத்தும். அன்றைக்கு அவர் யாரிடமோ போனில் பேசிக்கொண்டே உதைக்க மறந்துவிட்டார். உள்ளே ஒரு கணவனும் மனைவியும். மேஜைக்கு அடியில் அந்த அம்மாவின் கால்கள் மட்டும் தெரிந்தன. நீல நிற வாக்கிங் ஷூ. புதிது இல்லை, ஆனால் துடைத்துத் துடைத்துப் பளிச்சென்று இருந்தது. கணவர் ஒரு லிஃப்ட் கம்பெனியின் யூனிஃபாரத்தில் இருந்தார். சட்டைப் பையில் டெஸ்டர் செருகியிருந்தது. வேலைக்கு நடுவில் ஓடி வந்திருப்பார் போல.

“ஆஞ்சியோ எடுத்துப் பாத்துடலாம். தேதி சொல்வாங்க. அதுவரைக்கும் எக்சர்சைஸ் எதுவும் வேண்டாம்,” என்றார் டாக்டர்.

“வாக்கிங், டாக்டர்?” கணவரின் குரல்.

“அதுவும்தான். கம்ப்ளீட்டா நிறுத்திடுங்க.”

“அப்போ வீட்ல—”

டொப். நர்ஸுக்கு ஞாபகம் வந்து கதவை உதைத்துவிட்டார்.

அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ‘அப்போ வீட்ல ஏசி போட்டுக்கலாமா’ என்று கேட்டிருக்கலாம். ‘அப்போ வீட்ல யாராவது கூடவே இருக்கணுமா’ என்று கேட்டிருக்கலாம். நான் நினைப்பதைக் கேட்டிருக்கலாம். ஒன்றுமே கேட்காமல் எழுந்தும் இருக்கலாம். கொஞ்ச நேரத்தில் இருவரும் வெளியே வந்தார்கள். அவர் முகம் வெளிறிக் கிடந்தது. நான் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்ததில் அந்த அம்மாவின் முகத்தைத் தவறவிட்டேன். முன்பின் தெரியாதவரை நிறுத்தி, ‘உங்க கேள்விய முடிச்சீங்களா?’ என்று எப்படிக் கேட்பது? அன்றிலிருந்து அந்தப் பாதிக் கேள்வியை நானே விதவிதமாக முடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். எனக்கு எழுதும் அறை என்று தனியாக எதுவும் இல்லை. அடுப்படிக்கு வெளியே கிடக்கும் மேஜைதான். நடுநடுவே எழுந்து போகவேண்டி வரும். போகும்போது ஒரு சதுர அடைப்புக்குறியைத் திறந்து வைத்துவிட்டுப் போவேன், வந்து உட்கார்ந்ததும் மூடுவேன். அடைப்பு மூடியிருந்தால் ஆள் திரும்பி வந்துவிட்டாள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

[குக்கர் கூப்பிடுகிறது. வந்துவிட்டேன்.]

இப்படித்தான்.

2

தொடக்கங்களில் தடுமாறினேன். மறைப்பானேன், எல்லாவற்றையும் காட்டிவிடுகிறேன்.

முதல் தொடக்கம்: ‘அந்த வீட்டில் முதலில் கண் விழிப்பவள் அவள்தான். எழுந்ததும் தலையை முடிந்துகொண்டு...’

வேண்டாம். இப்படி ஆரம்பிக்கிற கதைகள் எத்தனை படித்திருப்பீர்கள்! அவள் எழுவாள், வேலை செய்வாள், வேலை செய்வாள், இன்னும் வேலை செய்வாள், கடைசியில் ஜன்னலோரமாக நின்று பெருமூச்சு விடுவாள். நீங்களும் கூடச் சேர்ந்து ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவீர்கள். எனக்கு உங்கள் பெருமூச்சு வேண்டாம். பயம் வேண்டும்.

இரண்டாவது: ‘வீட்டு வேலை உடற்பயிற்சி ஆகுமா என்ற கேள்விக்கு இன்றைய மருத்துவம்...’

இதுவும் வேண்டாம். போனில் தேடிப் பார்த்தேன். ஒருவர் ஆகும் என்கிறார், இன்னொருவர் ஆகாது என்கிறார், மூன்றாமவர் மூச்சு வாங்குகிற அளவுக்குச் செய்தால் ஆகும் என்கிறார். மூச்சு வாங்கினால் நல்லது என்று எழுதியிருப்பதை, மூச்சு வாங்குகிறதே என்று டாக்டரிடம் போனவள் உட்கார்ந்து படித்தால் எப்படி இருக்கும்? போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

மூன்றாவதாக, கணவர் பக்கம் போய் நின்று பார்த்தேன். வெளியே வந்தபோது வெளிறிக் கிடந்தது அவர் முகம்தானே. பயப்படுகிறவர் தோளுக்குப் பின்னால் நின்றால் எழுத வருகிறது. ஆகவே இது லிஃப்ட்காரரின் கதை. அவர் மனைவியை நீலஷூ என்று கூப்பிடப் போகிறேன். நிஜப் பெயர் வைக்கப் பயமாக இருக்கிறது. பெயர் வைத்துவிட்டால் அப்புறம் ஏதாவது ஒன்று ஆனால் தாங்காது. அவளை ‘அவள்’ என்று எழுதுவதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த ஒரு வாரத்தில் எனக்கு ரொம்ப வேண்டியவளாகிவிட்டாள்.

3

லிஃப்ட்காரர் பயந்த சுபாவம். அந்தத் தொழிலுக்கு அது நல்லது. லிஃப்டைத் தாங்கும் கம்பி வடம் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் துணியால் தடவிப் பார்ப்பார். ஓர் இழை அறுந்திருந்தாலும் துணி மாட்டிக்கொள்ளும். அவர் பார்த்த லிஃப்டில் இதுவரை யாருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை. ஆனால் அவர் குடியிருக்கும் பழைய கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. ‘லிஃப்ட்காரரே, நமக்கு எப்போ?’ என்று கீழ்வீட்டுக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். இரண்டாவது மாடியில் வீடு. அதற்கு மேல் இரண்டு மாடி ஏறினால் மொட்டை மாடி.

டாக்டரிடமிருந்து வந்த அன்று சாயந்திரமே அந்த நீல ஷூவைச் செய்தித்தாளில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டார். ஸ்டூலில் ஏறி, கை எட்டாத மூலைக்குத் தள்ளினார். அவள் கீழே நின்று ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“ஏங்க, பார்க் வரைக்கும் சும்மா மெதுவா...”

“மூச்! டாக்டர் என்ன சொன்னாரு?”

“எக்சர்சைஸ் வேண்டாம்னாரு.”

“அப்புறம் என்ன?”

“அப்புறம் ஒண்ணுமில்ல.” அவள் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய் அடுப்படியில் வைத்தாள். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு வீடு துடைக்கக் கிளம்பினாள். அவள் வீட்டுக்குள்ளேயே இருப்பதைப் பார்த்து அவருக்கு மனசு லேசாயிற்று.

இந்த இடத்தில் பழைய கதை கொஞ்சம் சொல்லவேண்டும். நடக்கப் போகிறேன் என்று அவள் முதன்முதலில் கிளம்பியபோது, “உனக்கு எதுக்குத் தனியா வாக்கிங்? வீட்டு வேலையே எக்சர்சைஸ்தானே!” என்று சொன்னவர் இதே மனிதர்தான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, பாராட்டாகத்தான் சொன்னார். ஒரு தடவை இல்லை, அவள் ஷூ வாங்கும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சண்டை போடாமல், விளக்கம் சொல்லாமல், சாயந்திரம் ஆனால் ஷூவை மாட்டிக்கொண்டு கீழே இறங்கிவிடுவாள். அந்த ஒரு மணி நேரத்தில் அவளிடம் யாரும் எதையும் எங்கே இருக்கிறது என்று கேட்க முடியாது.

வேலைக்குப் போகும் மகள் அம்மாவுக்கு ஒரு கடிகாரம் வாங்கிக் கொடுத்திருந்தாள். எத்தனை அடி நடந்தோம் என்று காட்டுமே, அது. அதில் ஒரு கோளாறு இருந்தது. சாயந்திரம் வாக்கிங் கிளம்புவதற்கு முன்பாகவே, அன்றைக்கு நடக்கவேண்டியதை எல்லாம் நடந்து முடித்துவிட்டதாகக் காட்டும். “ஓட்ட வாட்ச்மா இது. நீ வீட்லதானே இருந்த?” என்று சிரித்த மகள், கடையில் கொடுத்து மாற்றி வந்தாள். மாற்றிக் கொடுத்ததும் அப்படியே காட்டியது. கம்பெனியே சரியில்லை என்று மூவரும் முடிவு செய்தார்கள். ஷூ பரணுக்குப் போன அன்று, “இனிமே இது எதுக்கு?” என்று அந்தக் கடிகாரத்தையும் கழற்றி டிராயரில் போட்டார்கள்.

* இந்தக் கடிகாரம் நான் கற்பனையில் செய்ததுதான். ஆனால் கோளாறு அல்ல.

அதன்பிறகு லிஃப்ட்காரருக்குத் தூக்கம் போயிற்று. விடிகிற நேரத்தில் விழிப்பு வந்ததும் அவள் போர்வை ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பார். ஏறி இறங்கினால்தான் அவரும் மூச்சு விடுவார். அவள் தெருமுனைக் கடைக்குக் கிளம்பினால் கூடவே ஓடி, “நான் போறேன், நீ உக்காரு,” என்பார். கடையிலிருந்து அவர் வருவதற்குள் அவள் பாத்திரமெல்லாம் கழுவி, கட்டிலை நகர்த்தி அடியில் பெருக்கியிருப்பாள். அவர் வந்து, “உக்காந்தியா?” என்று கேட்பார். “உக்காந்தேன்,” என்பாள்.

4

[இவருக்கு டீ. வந்துவிட்டேன்.]

‘இவர்’ என் வீட்டுக்காரர். இந்தக் கதையில் அவருக்கு வேலை இல்லை. டீயைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, “என்ன எழுதற?” என்றார்.

“ஒரு லிஃப்ட்காரர் கதை.”

“எழுது, எழுது. உக்காந்து செய்யற வேலை. உடம்புக்கும் நல்லது,” என்றார். எனக்குத் தொந்தரவாக இருக்கக்கூடாது என்று டிவி சத்தத்தைக்கூடக் குறைத்து வைத்திருக்கிறார். தங்கமான மனிதர். சும்மா சொல்லக்கூடாது.

எங்கே விட்டேன்? ஆமாம், எனக்கு லிஃப்ட்காரர் மேல் ஒரு சந்தேகம். ஒரு மனிதர் இவ்வளவு பயப்படுகிறார், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறார், அவருக்கு வாளி மட்டும் எப்படிக் கண்ணில் படாமல் போகும்? இது நம்புகிற மாதிரி இருக்கிறதா? முந்தாநாள் இந்தப் பாத்திரத்தையே தூக்கிவிடலாமா என்று யோசித்தேன். ஒரு முரடனாக மாற்றிவிட்டால் எழுதுவது சுலபம். நீங்களும் நிம்மதியாகத் திட்டுவீர்கள், ‘நம்ம வீட்ல அப்படி இல்லப்பா’ என்று சொல்லிக்கொள்வீர்கள்.

ஆனால் யோசிக்க யோசிக்க, அவர் நிஜமாகவே பார்க்கவில்லை என்றுதான் படுகிறது. அவளே பார்க்கவில்லையே! டாக்டர் எக்சர்சைஸ் என்று சொன்னபோது அவள் மனசிலும் ஷூதான் வந்தது. வாளி வரவில்லை. வீட்டு வேலை கணக்கில் வருவதும் வராததும் சமயத்தைப் பொறுத்தது. நடக்கப் போகிறேன் என்று அவள் சொன்னால் அது எக்சர்சைஸ், அதனால் தனியாக நடை வேண்டாம். எக்சர்சைஸ் செய்யாதே என்று டாக்டர் சொன்னால் அது எக்சர்சைஸ் இல்லை, அதனால் நிறுத்த வேண்டாம். இரண்டு பக்கமும் அவளுக்குத்தான் நஷ்டம். இதில் பொய் சொன்னவர் என்று யாரையும் காட்ட முடியவில்லை. அதுதான் எனக்கு நடுக்கமாக இருக்கிறது. பொய் சொன்னவர் இருந்தால் பிடித்துவிடலாம்.

அதனால் லிஃப்ட்காரர் அப்படியே இருக்கட்டும், நல்லவராகவே.

5

ஒரு நாள் காலை லிஃப்ட்காரர் சட்டையை மாட்டிக்கொண்டே, “பெட்ஷீட்டெல்லாம் ஒரே மருந்து வாடை,” என்றார். அவ்வளவுதான் சொன்னார். துவைக்கச் சொல்லவில்லை.

வீட்டில் வாஷிங் மெஷின் இருக்கிறது. துவைக்கும், அலசும், பிழியாது. பிழிகிற பாகம் கெட்டுப் பல மாதம் ஆகிறது. ‘ஞாயித்துக்கிழமை பாக்கறேன்’ என்று அவரும் சொல்லிக்கொண்டே இருக்கிறார். வாரம் முழுக்க மெஷினோடு மல்லுக்கட்டுகிறவருக்கு ஞாயிற்றுக்கிழமை ஸ்பேனரைத் தொட மனசு வருமா? துணி சொட்டச் சொட்ட வெளியே வரும். பெட்ஷீட் என்றால் பிணக்கனம் கனக்கும்.

(பிணக்கனம் என்ற சொல்லை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். வேறு சொல் வரமாட்டேன் என்கிறது.)

அன்று அவருக்குப் பெரிய அடுக்குமாடியில் வேலை. மேலே மெஷின் ரூமில் கரண்டை நிறுத்தி, பிரேக்கைக் கழற்றிப் போட்டுவிட்டு, கதவுப் பூட்டுகளைப் பார்க்கப் படி வழியாக இறங்கிக்கொண்டிருந்தார். நடு மாடி ஒன்றில், இரண்டு கையிலும் பையோடு ஒரு பெண்மணி ஏறி வந்தார். அந்தக் கட்டடத்தில் குடியிருப்பவர், கொஞ்சம் வயதானவர்.

“ஏம்ப்பா, லிஃப்ட் எப்ப வரும்?”

“ஒரு மணி நேரம் ஆகும்க்கா. படி ஏறுங்க, எக்சர்சைஸ்னு நெனச்சுக்கோங்க.”

இது லிஃப்ட்காரர்கள் எல்லோரும் சொல்கிற ஜோக். லிஃப்டை நிறுத்துகிற நாளில் திட்டு வாங்காமல் இருக்க, முந்திக்கொண்டு சொல்லிவிடுவார்கள். அவரும் எத்தனையோ வருஷமாகச் சொல்கிறார்.

அந்தப் பெண்மணி பைகளைக் கீழே வைத்தார். சுவரில் சாய்ந்துகொண்டு மூச்சு வாங்கினார். “எக்சர்சைஸா? நல்லா சொன்ன போ! அப்படிப் பாத்தா காலையில எழுந்ததுல இருந்து நான் அதத்தானே பண்ணிட்டிருக்கேன்,” என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே ஒரு கையை நெஞ்சில் வைத்தார், சும்மா, மூச்சு அடங்குவதற்காக.

லிஃப்ட்காரரும் சிரித்தார். பாதிச் சிரிப்பில் அவருக்குப் பகீரென்றது.

பைகள் இரண்டையும் அவரே தூக்கிக்கொண்டுபோய் அந்த வீட்டு வாசலில் வைத்தார். வைத்த கையோடு போனை எடுத்தார். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அவள் எடுக்கவில்லை. அவள் போனை ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிடுவாள், கையில் வைத்துக்கொண்டு வேலை செய்ய முடியாதே. மொட்டை மாடியில் இருந்தால் கேட்காது. ‘பெட்ஷீட்டெல்லாம் ஒரே மருந்து வாடை.’ நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது அவருக்கு. மகளைக் கூப்பிட்டார். “மீட்டிங்ல இருக்கேன்பா, என்னப்பா?” என்றாள் ரகசியக் குரலில். என்ன சொல்வது? அம்மா துணி துவைக்கிறாள், பயமாக இருக்கிறது என்றா? “ஒண்ணுமில்லம்மா,” என்று வைத்துவிட்டார்.

ஓடிவிடலாம். ஆனால் மேலே பிரேக் கழன்று கிடக்கிறது. பிரேக்கைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போகிற லிஃப்ட்காரர் உலகத்தில் இல்லை. யாராவது கரண்டைப் போட்டுவிட்டால்? ஏதாவது ஒரு பிள்ளை கதவைத் திறந்துவிட்டால்? அவர் படியேறி மெஷின் ரூமுக்கு ஓடினார். ஒரு நட்டு கைநழுவி உருண்டு, மோட்டாருக்கு அடியில் போய்விட்டது. குப்புறப் படுத்துத் துழாவினார். கிடைத்ததும் மாட்டி, முறுக்கி, சரியாக முறுக்கினோமா என்று சந்தேகம் வந்து மறுபடி முறுக்கினார். அவர் வாய் தன்னால் முணுமுணுத்துக்கொண்டிருந்தது: “உக்காந்திரு. உக்காந்திரு. கொஞ்சம் உக்காந்திரு.”

[மெஷின் நின்றுவிட்டது. துணியைக் காயப்போட்டுவிட்டு வருகிறேன்.

வந்துவிட்டேன். இருங்கள்.

கொஞ்சம் இருங்கள்.

ம். ஒன்றுமில்லை. எழுதலாம்.]

பிரேக்கைச் சோதிக்கும்போதுதான் லிஃப்ட்காரருக்கு டாக்டர் அறை ஞாபகம் வந்தது. ‘அப்போ வீட்ல’ என்று தான் ஆரம்பித்தது. கதவு டொப்பென்று சாத்தியது, தான் தூக்கிவாரிப் போட்டுத் திரும்பியது, டாக்டர் அடுத்த ஆளின் சீட்டை எடுத்தது. என்ன கேட்க நினைத்தோம்? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. இதைத்தான் கேட்க நினைத்தோம் என்று நம்ப ஆசையாக இருந்தது. ஆனால் நம்பிக்கை வரவில்லை.

எனக்கும் தெரியவில்லை. எழுதுகிறவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று நினைக்காதீர்கள்.

6

அந்த அறைக்குள் அடுத்துப் போன ஆள் நான்தான்.

கதைக்கு வேண்டாத விஷயம் என்று சொல்லியிருந்தேன். இப்போது வேண்டியிருக்கிறது. டாக்டர் நல்ல மாதிரி. “எக்சர்சைஸ் ஏதாவது பண்றீங்களாம்மா?” என்று கேட்டார். “வீட்டு வேலைதான் டாக்டர்,” என்றேன். சிரித்துவிட்டு, “அதெல்லாம் கணக்குல வராதும்மா,” என்றார். பிறகு சீட்டில் ஏதோ எழுதிக்கொண்டே, ஆஞ்சியோ எடுத்துப் பார்க்கும்வரை எக்சர்சைஸ் எதுவும் வேண்டாம் என்று சொன்னார். எனக்கும்தான்.

என் வாயிலும் அந்தக் கேள்வி வந்து நின்றது. அப்போது கதவு நன்றாகச் சாத்தியிருந்தது, யார் காதிலும் விழுந்திருக்காது. கேட்டிருக்கலாம். கேட்டால் அவர் பதில் சொல்லிவிடுவாரே என்று பயமாக இருந்தது. ‘ஆமாம்மா, வீட்டு வேலையும் கூடாது’ என்று சொல்லிவிட்டால்? வீட்டுக்கு வந்து அதை யாரிடம் எப்படிச் சொல்வது? சொல்லிவிட்டு உட்கார்ந்தால், உட்கார்ந்திருக்கும் என்னைச் சுற்றிப் பாத்திரம் ஏற ஏற, நான் எத்தனை நேரம் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பேன்? நெஞ்சுவலிக்குப் பயப்படுகிற அதே அளவுக்கு அதற்கும் பயந்தேன். எது பெரிய பயம் என்று எனக்கே தெரியவில்லை. நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்காரரிடம் பாதியைச் சொன்னேன். அவர் அன்றைக்கே என் யோகா வகுப்புக்கு முழுக்குப் போட்டுவிட்டார். பாயைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். பெருக்கும்போது தினமும் அது என் துடைப்பத்தில் தட்டுகிறது.

ஆகவே நீலஷூவை நான்தான் படி ஏற வைத்துக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பதிலாக அவளை.

7

லிஃப்ட்காரர் வீட்டுக் கட்டடத்துக்கு வந்து சேர்ந்தபோது அவர் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. இரண்டு மாடியை எப்படி ஏறினார் என்று அவருக்கே தெரியாது. வீட்டுக் கதவு வெறுமனே சாத்தியிருந்தது.

“இந்தா... எங்க இருக்க?”

ஃபிரிட்ஜ் மேல் போன் இருந்தது. கட்டில் வெறும் மெத்தையோடு கிடந்தது. பாத்ரூமில் மெஷின் வாயைத் திறந்துகொண்டு நின்றது, உள்ளே துணி இல்லை. பெரிய வாளியையும் காணவில்லை.

வெளியே வந்து படியைப் பார்த்தார். ஈரம். வீட்டு வாசலிலிருந்து மேலே போகிற படிகளில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சிந்தியிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டே ஏறினார். மூன்றாவது மாடித் திருப்பத்தில் வட்டமாக ஒரு தண்ணீர்த் தேக்கம், வாளியின் அடிப்பாகம் அளவுக்கு. அங்கே இறக்கி வைத்திருக்கிறாள். அதற்கு மேல் ஏழெட்டுப் படி தள்ளி இன்னொரு வட்டம். படியிலேயே இறக்கி வைத்திருக்கிறாள். அப்புறம் ஐந்தாறு படியில் ஒன்று. அப்புறம் மூன்று படியில்.

இது எதுவும் இன்றைக்கு மட்டும் நடந்தது இல்லை என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஒவ்வொரு வாரமும் இந்த வட்டங்கள் இதே படியில் விழுந்து காய்ந்திருக்கின்றன. அவர் வேலை முடிந்து வரும்போது படி உலர்ந்திருக்கும்.

கடைசி வட்டம் மொட்டை மாடிக் கதவுக்கு முன்னால் இருந்தது. பெரிய வட்டம். அங்கே ரொம்ப நேரம் வாளி இருந்திருக்கவேண்டும். வாளி இப்போது அங்கே இல்லை. கதவு பாதி சாத்தியிருந்தது. அதற்கு அந்தப் பக்கம் துணி உதறுகிற சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்தார். தன் நெஞ்சு அடிக்கிற சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை.

அவர் கதவில் கை வைத்தார்.

8

இங்கே மூன்று நாளாக அவரை நிற்க வைத்திருக்கிறேன். பாவம், கை வலிக்கும்.

ஒரு முடிவு எழுதினேன். அவள் கொடியில் பெட்ஷீட்டுக்குக் கிளிப் போட்டுக்கொண்டிருக்கிறாள். “என்னங்க, இந்த நேரத்துல? லீவு போட்டுட்டீங்களா?” என்கிறாள். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுகிறார். எழுதிவிட்டு நானும் அழுதேன். மறுநாள் படித்துப் பார்த்தால் நம்ப முடியவில்லை. அழுதது சரி. அடுத்த வாரம் அந்த வாளியை யார் தூக்குவார்கள்? அவர் நாலு நாள் தூக்குவார், மகள் இரண்டு நாள். ஆபரேஷன் ஏதும் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டால் ஏழாம் நாள் வாளி பழைய கைக்கே வந்துவிடும்.

இன்னொன்று. ‘வாளி கவிழ்ந்து கிடந்தது. கொடியில் பாதி பெட்ஷீட்...’

இதற்கு மேல் போகவில்லை. போகவும் மாட்டேன். என் கை ஓடவில்லை. யாராவது எழுதித்தான் ஆகவேண்டும் என்றால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், என்னிடம் காட்டாதீர்கள்.

மூன்றாவது முடிவில் அவள் தண்ணீர்த் தொட்டி நிழலில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். நெற்றியெல்லாம் வியர்வை. “ஒண்ணுமில்லங்க, லேசா மூச்சு வாங்குது. இப்ப சரியாயிடும். நீங்க ஏன் இப்படி ஓடி வந்தீங்க?” என்கிறாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, டாக்டருக்குப் போன் போடுகிறார். மணி அடிக்கிறது. யாரோ எடுக்கிறார்கள். அவர், “அப்போ வீட்ல—” என்று ஆரம்பிக்கிறார்.

இது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அந்த வாக்கியத்தை அவர் வாயால் முடிக்க வைக்கவேண்டும். எழுத உட்கார்ந்தால், நான் கேட்காததை அவர் எப்படிக் கேட்பார் என்று பேனா நின்றுவிடுகிறது. முதலில் நான் கேட்கவேண்டும் போல. டாக்டரிடம்கூட இல்லை, பக்கத்து அறையில் இருக்கிறவரிடம். இன்றைக்குக் கேட்டுவிடலாம் என்று காலையிலிருந்து—

“ஏய், தூறுது பாரு! மேல பெட்ஷீட் காயுதே!”

என் வீட்டுக்காரர்தான்.

“பாக்கறேன்,” என்றேன். பழக்கம். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

“மெதுவா போ, ஓடாத. டாக்டர் என்ன சொல்லியிருக்காரு!” என்கிறார். நிஜமான அக்கறையோடுதான் சொல்கிறார்.

சரி. லிஃப்ட்காரர் கதவில் கை வைத்தபடி நிற்கட்டும். நான் வருவதற்குள் மூன்றில் எது என்று நீங்கள் தீர்மானித்துவிடுங்கள். மூன்றும் பிடிக்கவில்லை என்றால் நாலாவதாக ஒன்று எழுதுங்கள். எதை எழுதினாலும் அவர் கேள்வியை மட்டும் முடித்து வையுங்கள், சத்தமாக, பக்கத்து அறைக்குக் கேட்கிற மாதிரி.

[மாடிக்குப் போகிறேன். நாலு பெட்ஷீட்தான். நனைந்துவிட்டால் கனக்கும், அதற்குள்